கல் தேய்ந்தது, காகிதம் நின்றது

சீனர்கள் புனிதமாகப் போற்றும் ஐந்து மலைகளில் மேற்கே இருப்பது ஹுவா மலை. கி.பி. 165-ல், ஹான் பேரரசின் பிற்காலத்தில், அந்த மலைக்கான கோயிலில் ஒரு கற்பலகை நிறுத்தினார்கள். எந்தெந்த அரசர் மலைத்தெய்வத்தை எப்படி வழிபட்டார், கோயிலைப் புதுப்பித்தது யார் என்றெல்லாம் சொல்லும் கல். அதில் இருந்த எழுத்தின் அழகு பின்வந்த எழுத்துக்கலைஞர்களை நூற்றாண்டு நூற்றாண்டாக இழுத்தது. வெயிலுக்கும் பனிக்கும் கிட்டத்தட்ட 1,400 ஆண்டு தாக்குப்பிடித்த அந்தக் கல், 1556 ஜனவரி 23 அன்று ஷான்சி மாகாணத்தைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தில் உடைந்து ஒழிந்ததாகச் சீன மரபு சொல்கிறது. ஏறத்தாழ 8,30,000 பேர் மாண்டதாக ஏடுகள் பதிந்திருக்கும் பேரழிவு அது. அந்தத் துயரத்தில் ஒரு கல் போனதை யார் எண்ணியிருப்பார்கள்!

ஆனால் அந்தக் கல்லில் இருந்ததை இன்றும் படிக்க முடிகிறது. நடுக்கத்துக்கு முன்பே யாரோ சிலர் ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, மை ஒற்றி எடுத்த படிகள் நான்கு தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அது தங்கியிருந்த ஊரை ஒட்டிப் பெயர் உண்டு: சாங்யுவான் படி, ஹுவாயின் படி, சிமிங் படி, ஷுன்ட படி. முதலாவது இப்போது தோக்கியோவில், ஓவியர் நகமுரா ஃபுசெட்சு 1936-ல் நிறுவிய எழுத்துக்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த இரண்டும் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில். நான்காவது ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில். சிங் பேரரசின் கடைசிக் காலத்து உயர் அதிகாரி துவான்ஃபாங் இவற்றில் மூன்றை ஒரே நேரத்தில் தன் கையில் வைத்திருந்தார். அவருக்கு முன் சிமிங் படியை வைத்திருந்த அறிஞர் ருவான் யுவான், இந்த ஒரு கல்லைப் பற்றி மட்டுமே தனி நூல் எழுதினார். மூலம் இல்லாத ஒன்றின் நிழலுக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று கேட்பவர்களுக்கு, அந்த நிழல் எப்படி உண்டாகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் கல்வெட்டுத் துறையினர் இதை மைப்படி என்பார்கள். சீன முறையும் அடிப்படையில் அதேதான்.

கல்லைக் கழுவுவதில் வேலை தொடங்குகிறது. பாசி, பறவை எச்சம், முன்பு படியெடுத்தவர் விட்டுப்போன மசி எல்லாம் போக வேண்டும். ஆனால் கல்லின் மேல்தோல் இம்மியும் உரியக் கூடாது. பிறகு மெல்லிய காகிதத்தை நனைத்துக் கல்லின்மேல் படியவிடுகிறார்கள். வெறும் நீர் போதாத இடத்தில், தரையில் வளரும் ஓர் ஆர்க்கிட் செடியின் கிழங்கை ஊறவைத்து எடுத்த வழுவழுப்பான நீரைச் சேர்ப்பது வழக்கம். காகிதம் கல்லோடு பிடித்துக்கொள்ளும், காய்ந்தபின் கிழியாமல் கழன்றும் வரும். அந்த அளவுக்கே அந்தப் பிசின் வலுவானது. அடுத்து, காகிதத்தின்மேல் கம்பளித் துண்டை வைத்து, அடர்ந்த மயிர்த் தூரிகையால் செங்குத்தாகத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு கோட்டின் பள்ளத்துக்குள்ளும் காகிதம் இறங்கும்வரை இந்தத் தட்டல் நடக்கும். எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்குகிற காகிதம், கல்லில் உள்ள விரிசலுக்குள்ளும் உளி வழுக்கிய கீறலுக்குள்ளும் இறங்கிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தின் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

இனி காத்திருப்பு. மை எப்போது வைப்பது என்பதில்தான் கைதேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் பிரிகிறார்கள். காகிதம் செல்லுலோஸ் இழைகளின் பின்னல். இழையை இழையோடு பிணைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நீர் பட்டதும் நீர் மூலக்கூறுகள் அந்தப் பிணைப்புகளுக்கு நடுவே புகுந்துகொள்ள, இழைகள் நழுவி வளைய இடம் கிடைக்கிறது. அதனால்தான் ஈரக் காகிதம் பள்ளத்துக்குள் இறங்குகிறது. நீர் ஆவியாகும்போது இழைகள் தாம் இருக்கும் புதிய இடத்திலேயே மறுபடி பிணைந்துகொள்கின்றன. கஞ்சி போட்டுக் காயவைத்த வேட்டி எந்த மடிப்பில் காய்ந்ததோ அந்த மடிப்பிலேயே விறைத்து நிற்பதுபோல, காகிதமும் கல்லின் மேடுபள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. ஈரம் அதிகமாக இருக்கும்போது மை வைத்தால் இழைகளின் சந்து வழியே அது பள்ளத்துக்குள் ஊறி எழுத்தை விழுங்கிவிடும். முழுக்கக் காய்ந்தபின் வைத்தாலோ காகிதம் விளிம்பில் எழும்பத் தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி உண்டு. காகிதத்தின் நிறம் சாம்பல் போய் வெளுக்கத் தொடங்கும் நேரம் அது. காற்றும் வெயிலும் ஒவ்வொரு நாளும் அதை மாற்றிவிடும்.

மை ஒற்றுவதற்குப் பட்டுத்துணியில் பஞ்சு வைத்துக் கட்டிய முடிச்சு. மையில் நேரே தோய்ப்பதில்லை. ஒரு பலகையில் மையைத் தடவி, அதிலிருந்து முடிச்சுக்கு மிகக் கொஞ்சமாக ஏற்றி, காகிதத்தின்மேல் மெல்லத் தட்டித் தட்டி ஏற்றுகிறார்கள். ஒரு சுற்று முடிந்ததும் காயவிட்டு மறுசுற்று. மேடான பகுதி கறுக்கிறது, பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாகவே நிற்கிறது. மை பட்டது காகிதத்தின் வெளிமுகத்தில், கல்லைத் தொட்ட முகத்தில் அல்ல. ஆகவே உரித்து எடுத்ததும் எழுத்து இடவலம் மாறாமல் நேராகவே வாசிக்கலாம். மரக்கட்டை அச்சில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டியிருக்கிறதே, அந்தத் தொல்லை இதில் கிடையாது.

மையும் சாதாரணப் பொருளல்ல. பைன் மரத்தை அல்லது எண்ணெயை எரித்துச் சேர்த்த புகைக்கரியை விலங்குப் பசையோடு பிசைந்து கட்டியாக்கி, வேண்டும்போது நீரில் உரைத்துக்கொள்வார்கள். கரி வெளிச்சத்தில் வெளுக்காது, நீரிலும் கரையாது. ஆயிரம் ஆண்டுப் பழைய படியிலும் கறுப்பு கறுப்பாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். கெட்டியான மையை ஏற்றி எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கச் செய்யும் முறைக்குக் ‘கறுப்புப் பொன் படி’ என்றும், நீர்த்த மையை மிக மெல்லிய தாளில் தூவினாற்போல ஒற்றுவதற்கு ‘சில்வண்டுச் சிறகுப் படி’ என்றும் பெயர். பார்த்தவர்களை முதலாவது மயக்கும். கல்லின் மேல்தோலில் உள்ள நுண்ணிய தேய்மானத்தைப் பார்க்க வேண்டுமானால் இரண்டாவதே மேல் என்பது என் கருத்து.

இந்தக் கலை எப்போது தொடங்கியது? கி.பி. 175 முதல் 183 வரை, தலைநகர் லோயாங்கில், பேரரசுக் கல்விக்கூடத்தின் முன்பு 46 கற்பலகைகள் நிறுத்தப்பட்டன. கன்பூசிய நூல்களின் சரியான பாடத்தை ஏறக்குறைய 2,00,000 எழுத்துகளில் பொறித்தார்கள். அதற்கு ஒரு வெட்கக்கேடான காரணம் இருந்தது. தேர்வில் தங்கள் பாடமே சரி என்று காட்டுவதற்காக, அரண்மனை நூலகத்தில் இருந்த மூலச்சுவடியைக் கையூட்டுக் கொடுத்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள் சிலர். கல்லைத் திருத்த முடியாது அல்லவா? அறிஞர் சாய் யோங்கும் அவருடைய தோழர்களும் பேரரசரிடம் கேட்டுப் பெற்ற திட்டம் அது. பார்த்துப் படியெழுத வந்தவர்களின் வண்டிகள், ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல், தெருவை அடைத்து நின்றன என்கிறது ஹான் வரலாறு. அப்போது அவர்கள் கையால் பார்த்து எழுதினார்களா, மை ஒற்றினார்களா என்பதற்குச் சான்று இல்லை. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுக்கு வரும்போது சான்று கிடைத்துவிடுகிறது. அந்தக் கற்கள் போரிலும் இடமாற்றத்திலும் சிதறிய பிறகு, அவற்றிலிருந்து ஒற்றியெடுத்த படிகள் அரண்மனை நூலகத்தில் இன்னும் இருப்பதாக சுய் வம்ச வரலாற்றின் நூற்பட்டியல் குறிப்பிடுகிறது.

கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய மிகப் பழைய படி வேறு இடத்தில் கிடைத்தது. கோபி பாலைவனத்தின் விளிம்பில் உள்ள துன்ஹுவாங் குகைக்கோயிலில், 1900-ல் வாங் யுவான்லு என்ற துறவி கண்டுபிடித்த மூடப்பட்ட அறை அது. ஆயிரக்கணக்கான சுவடிகளுக்கு நடுவே சில மைப்படிகளும் இருந்தன. 1908-ல் பிரெஞ்சு அறிஞர் போல் பெலியோ எடுத்துப்போனவற்றில் ஒன்று, தாங் பேரரசர் தாய்சோங் வெந்நீர் ஊற்று ஒன்றைப் பற்றி எழுதிய கல்வெட்டின் படி. எழுத்தும் பேரரசருடையதே. அதன் கடைசியில் யாரோ கையால் எழுதிய குறிப்பு 653-ம் ஆண்டுக்குரியது. பேரரசர் இறந்தது 649-ல். கல் எப்போதோ தொலைந்துபோய்விட்டது. பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் அந்தச் சுருள் மட்டுமே மிச்சம்.

படிகளைச் சேகரிப்பதை ஓர் அறிவுத்துறையாக ஆக்கியவர்கள் வடக்குச் சோங் காலத்தவர்கள். முதல் பெயர் ஔயாங் சியூ (1007–1072). வரலாற்றாசிரியர், கவிஞர், அமைச்சர். அவர் திரட்டியவை ஆயிரம் சுருள். அவற்றில் 400-க்கும் மேற்பட்டவற்றுக்குத் தன் கைப்படக் குறிப்பு எழுதினார். அழகுக்காக மட்டும் அவர் இதைச் செய்யவில்லை. ஒரு மனிதர் எந்த ஆண்டு இறந்தார், என்ன பதவி வகித்தார் என்று அவர் கல்லறைக் கல் சொல்வதையும் வரலாற்று நூல் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் முரண்பட்டால் நூலைத் திருத்தத் துணிந்தார். நூல் கைமாறி கைமாறி எழுதப்பட்டது. கல்லோ நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே வெட்டப்பட்டது.

அவருக்குப் பின் வந்த ஜாவ் மிங்செங் (1081–1129) இந்த வேலையை இரண்டு மடங்காக்கினார். 2,000 கல், வெண்கல எழுத்துகளின் படிகள், 502 குறிப்புகள், 30 பிரிவுகள் கொண்ட ஒரு நூல். ஆண்டு, இடப்பெயர், பதவி, வம்சாவளி ஆகியவற்றில் வரலாற்று நூல்களும் கல்லும் பத்துக்கு மூன்று நான்கு இடங்களில் மோதிக்கொள்கின்றன என்று அதன் முன்னுரையில் எழுதினார். அந்தக் காலத்தில் இது சாதாரண வாக்கியமல்ல.

ஜாவ் மிங்செங்கின் மனைவி லி சிங்ஜாவ். சீன இலக்கியத்தின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர். கணவரின் நூலுக்கு அவர் எழுதிய பின்னுரைதான் இந்தச் சேகரிப்பின் கதையை நமக்குச் சொல்கிறது. மணமான புதிதில் கணவர் பேரரசுக் கல்விக்கூட மாணவர்; கையில் காசு கிடையாது. மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் விடுமுறை. உடையை அடகு வைத்து ஐந்நூறு காசு வாங்கிக்கொண்டு தலைநகரில் உள்ள சியாங்குவோ கோயில் சந்தைக்குப் போய், மைப்படிகளும் பழங்களும் வாங்கி வருவார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து படிகளை விரித்துப் பார்த்துக்கொண்டே பழம் தின்பார்கள். பின்னாளில் வசதி வந்தபோதும் ஒவ்வோர் இரவும் ஒரு மெழுகுவத்தி எரிந்து முடியும்வரை படிகளை ஒப்பிட்டுப் பிழை பார்ப்பது அவர்களுடைய கணக்கு.

1127-ல் ஜூர்ச்சென் படைகள் வடசீனாவைப் பிடித்தன. தெற்கே போகும்போது எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? கனமான அச்சு நூல்களை முதலில் ஒதுக்கினார்கள். அடுத்து ஒரே ஓவியத்தின் பல பகுதிகள், அதற்கடுத்து எழுத்துப் பொறிக்கப்படாத பாத்திரங்கள். அப்படிக் கழித்தும் 15 வண்டி நிறைந்தது. சிங்ஜோ ஊரில் பத்துக்கு மேற்பட்ட அறைகளில் பூட்டிவைத்துப் போனவை அதே ஆண்டு இறுதியில் எரிந்து சாம்பலாயின. 1129-ல் கணவர் புதிய பதவி ஏற்கப் புறப்பட்டபோது, படகில் இருந்த மனைவி கேட்டார்: ஊர் விழுந்தால் நான் என்ன செய்ய? கரையில் இருந்தபடியே வரிசை சொன்னார் ஜாவ் மிங்செங்: முதலில் மூட்டை முடிச்சுகளை விடு, பிறகு துணிமணி, பிறகு நூல்களும் சுருள்களும், அதன் பிறகு பழம்பாத்திரங்கள், முன்னோர் வழிபாட்டுக் கலங்களை மட்டும் விடாதே, உன் உயிரோடு அவையும். சில வாரங்களில் அவர் நோயில் இறந்தார். பாதுகாப்புக்காக ஹோங்ஜோ நகருக்கு அனுப்பிய 2,000 சுருள் மைப்படிகளும் 20,000 நூல்களும் அந்த ஊர் வீழ்ந்தபோது போயின. மிஞ்சிய கொஞ்சத்திலும் ஐந்து கூடைகளை, வாடகைக்கு இருந்த வீட்டின் சுவரில் துளை போட்டுத் திருடிப் போனார்கள்.

கையில் மிஞ்சியது அந்த நூல். எந்தக் கல்லில் என்ன இருந்தது என்ற பட்டியலும் அந்த 502 குறிப்புகளும். பின்னாளில் அறிஞர்கள் தொலைந்த கற்களைத் தேடிப் போக அதுவே வரைபடம் ஆனது. ஷாண்டோங்கில் வூ குடும்பத்தாரின் ஈமக்கோயில் கற்களை ஜாவ் மிங்செங் குறிப்பிட்டிருந்தார். வெள்ளம் கொண்டுவந்த வண்டலில் அவை புதைந்து மறந்துபோயின. 1786-ல் ஹுவாங் யீ என்ற அதிகாரி தேடிப் போய்த் தோண்டி எடுத்தார். இரண்டாம் நூற்றாண்டுச் சீனர்கள் அரசர்களையும் வீரர்களையும் தேவர்களையும் எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதை உலகம் பார்த்தது பெரும்பாலும் அந்தக் கற்களின் மைப்படிகள் வழியாகத்தான்.

இப்போது விரிசலுக்கு வருவோம்.

கல் சும்மா நிற்பதில்லை. மழைநீரில் கரைந்த கரியமிலவாயு சுண்ணாம்புக்கல்லை அரிக்கிறது. நுண்துளையில் புகுந்த நீர் உறைந்து விரிந்து மேல்தோலைச் செதிலாகப் பிரிக்கிறது. மனிதர்கள் இடம் மாற்றும்போது உடைக்கிறார்கள். போன எழுத்து திரும்பி வராது. அழிவு ஒரே திசையில்தான் போகும். ஆகவே ஒரே கல்லிலிருந்து வெவ்வேறு காலத்தில் எடுத்த படிகளை அடுக்கினால், எதில் எழுத்து அதிகமோ அது முந்தியது. படியில் தேதி எழுதாவிட்டாலும் கல்லே தேதி போட்டுக்கொடுக்கிறது. சீனச் சேகரிப்பாளர்கள் இந்தத் தர்க்கத்தை நுணுக்கமான முறையாக வளர்த்தார்கள். ஒவ்வொரு புகழ்பெற்ற கல்லுக்கும் ‘சான்று எழுத்துகள்’ எவை என்ற பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள்.

சாவ் சுவான் என்ற ஹான் அதிகாரியைப் புகழும் கல் 185-ல் வெட்டப்பட்டது. மண்ணுக்குள் கிடந்ததால் மழையில் தேயாமல், பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷான்சியில் புத்தம்புதிதாக வெளியே வந்தது. முதல் வரி 45 எழுத்துகள். அந்த வரியின் கடைசி எழுத்து முழுதாக இருக்கும் படிதான் எல்லாவற்றிலும் முந்தியது. கல்லை வெளியே எடுத்த உடன், நகருக்குள் கொண்டுபோகும் முன் எடுத்தது என்கிறார்கள். அப்படி ஒரு படி ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீக்கிரமே அந்த எழுத்தின் அடிப்பகுதி சிதைந்தது. பிறகு கல்லின் குறுக்கே ஒரு சாய்வான விரிசல் ஓடியது. அதற்குப் பிறகு முதல் வரியின் நடுவில் உள்ள வேறோர் எழுத்தில் ஒரு கோடு துளைத்துக்கொண்டு போய்விட்டது. படியை வாங்க வருபவர் முதல் வரியில் இரண்டு எழுத்துகளைப் பார்த்துவிட்டே விலை பேசத் தொடங்குவார். சிதைவு தொடர்ந்து பதிவாகியிருக்கும் இப்படி ஒரு வரிசை, கல் எப்படித் தேய்கிறது என்று ஆராயும் அறிவியலாளருக்கு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

சான்று எழுத்தில் பணம் இருந்ததால் போலியும் பிறந்தது. சிதைந்த எழுத்தின் பள்ளத்தை மெழுகால் நிரப்பி, அதில் காணாமல்போன கோட்டைச் செதுக்கிவிட்டுப் படியெடுத்தால் நூறு ஆண்டு பழையதுபோல் தோன்றும். அந்தச் சிரமம்கூட இல்லாமல், புதுப் படியிலேயே மையால் எழுத்தைச் சரிசெய்து விற்றவர்களும் உண்டு. கல்லையே புதிதாக வெட்டியவர்களும் உண்டு. இவற்றைப் பிடிக்க ஒரே வழி, சந்தேகமற்ற படியைப் பக்கத்தில் வைத்து விரிசலோடு விரிசலை ஒப்பிடுவது. எழுத்தைப் போலி செய்வார்கள். கல் பிளந்த பிசிறை அப்படியே போலி செய்வது மிகக் கடினம்.

தேய்மானத்தின் உச்சம் கல் முரசுகள். முரசு வடிவில், இடுப்பு உயரத்தில் பத்துக் கருங்கற்கள். சின் நாட்டார் வேட்டையையும் மீன்பிடிப்பையும் பாடிய பாட்டுகள் அவற்றில். சின் பேரரசு உருவாகுமுன் வெட்டப்பட்டவை. சீனத்தில் கிடைத்த நீண்ட கல்லெழுத்துகளில் அவற்றுக்கு மூத்தது இல்லை. ஏழாம் நூற்றாண்டில் இன்றைய பாவ்ஜி அருகே வெளிப்பட்டன. கவிஞர் ஹான் யூ அவற்றைப் பாதுகாக்கச் சொல்லிப் பாட்டெழுதினார், அரசு கேட்கவில்லை. இடையில் ஒரு முரசின் தலையை வெட்டி யாரோ உரலாக்கினார்கள். சோங் பேரரசர் ஹுய்சோங் அவற்றைத் தலைநகருக்குக் கொண்டுவந்து, இனி யாரும் தட்டித் தேய்க்காதிருக்க எழுத்துப் பள்ளங்களில் தங்கம் நிரப்பினார். 1127-ல் நகரைப் பிடித்தவர்கள் கற்களை வடக்கே கொண்டுபோனார்கள். தங்கத்தை நோண்டி எடுத்துவிட்டார்கள். இன்று அவை பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில். 700 எழுத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பாதிகூட இல்லை. ஒரு முரசில் எழுத்தே கிடையாது.

எழுத்துள்ள கல்லை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும் கொடுமை வேறெங்கும் நடக்காததல்ல. 1409-ம் ஆண்டுத் தேதியிட்டு, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் மிங் பேரரசு பொறித்து, செங் ஹ தலைமையிலான கப்பற்படையில் இலங்கைக்கு அனுப்பிய கல், 1911-ல் காலி நகரில் ஒரு வாய்க்காலின் மூடுகல்லாகக் கிடந்து கிடைத்தது. பாரசீகப் பகுதியில் நிறையச் சொற்கள் அழிந்துவிட்டன. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

முரசுகளை நமக்கு மீட்டுக்கொடுத்தவர் ஆன் குவோ (1481–1534). ஊஷி நகரத்துப் பெருவணிகர். வாழ்நாள் முழுதும் தேடி, கல் முரசுகளின் பத்துப் பழம்படிகளைச் சேர்த்து, தன் படிப்பறைக்கே பத்து முரசு அறை என்று பெயர் வைத்தார். அவற்றில் சிறந்த மூன்று சோங் காலத்துப் படிகளுக்குப் படைப்பிரிவுகளின் பெயரிட்டார்: முன்படை, நடுப்படை, பின்படை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவை ஜப்பானுக்கு விற்கப்பட்டு, மிட்சுயி குடும்பத்துச் சேகரிப்பில் சேர்ந்தன. தோக்கியோவில் மிட்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜப்பானில் அரசியல் அகதியாக இருந்த குவோ மொருவோ அவற்றின் ஒளிப்படங்களைப் பார்த்து எழுதிய ஆய்வு 1939-ல் வெளிவந்தது. இன்று யாராவது கல் முரசுப் பாட்டை வாசிக்கிறார் என்றால், பெய்ஜிங்கில் உள்ள கல்லைக் காட்டிலும் அந்த மூன்று படிகளை நம்பியே வாசிக்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். படியெடுப்பதும் கல்லைத் தேய்க்கும். பல நூறு முறை நனைத்து, பல லட்சம் முறை தட்டி, மை ஊறி, உரித்து எடுத்தால் எந்தக் கல்லும் தாங்காது. அதைவிடக் கொடுமையான சேதமும் உண்டு. சின் ஷி ஹுவாங் கி.மு. 219-ல் யீ மலையில் நிறுத்திய கல்லின் கதையைத் தாங் காலத்து எழுத்தாளர் ஃபெங் யான் எழுதிவைத்திருக்கிறார். அதைப் படியெடுக்க வரும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஏவல் செய்தே ஓய்ந்துபோன ஊர் மக்கள், ஒரு நாள் கல்லின் அடியில் விறகை அடுக்கித் தீ வைத்துவிட்டார்களாம். கல் பிளந்தது. அதன் பிறகும் ஆள் வருவது நிற்கவில்லை. ஓர் அதிகாரி பழைய படியைப் பார்த்து வேறு கல்லில் வெட்டி நிறுத்த வேண்டியிருந்தது. 993-ல் வெட்டிய இன்னொரு மறுபதிப்புத்தான் இப்போது சியான் நகரத்துக் கற்பலகைக் காட்டில் நிற்கிறது. அந்த ஊர் மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலையை நேசித்தவர்கள் அதன் சுமையை யார் தலையில் ஏற்றினார்கள் என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. இன்று சீனாவில் முக்கியமான கற்களில் படியெடுக்க அரசின் அனுமதி வேண்டும். அது சரியான முடிவு.

கருவிகளும் மாறிவிட்டன. 2001-ல் டாம் மால்ஸ்பெண்டரும் அவர் தோழர்களும் வெளியிட்ட ஒரு முறையில், கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் பல திசைகளில் நகர்த்திப் படமெடுத்து, பிறகு கணினித் திரையில் வெளிச்சத்தை எந்தக் கோணத்துக்கும் திருப்பலாம். கல்லைத் தொடாமலே, கண்ணுக்குப் புலப்படாத கீறல் தெரிகிறது. முப்பரிமாண அளவீடும் இருக்கிறது. இவற்றை முழுமனதோடு வரவேற்க வேண்டும். ஆனால் எந்தக் கருவியும் இன்றைய கல்லைத்தான் அளக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தக் கல் எப்படி இருந்தது என்பதற்குக் காகிதம் ஒன்றே சாட்சி.

அந்தச் சாட்சியம் எழுத்துக்கலையோடு முடிவதில்லை. யாங்சி ஆற்றில், சோங்சிங் அருகே ஃபூலிங்கில், பைஹெலியாங் என்ற பாறைத்திட்டு உண்டு. ஏறத்தாழ 1,600 மீட்டர் நீளம். ஆறு மிகவும் வற்றும் குளிர்காலங்களில் மட்டும் தலைகாட்டும். எட்டாம் நூற்றாண்டிலிருந்து, திட்டு வெளிப்பட்ட ஆண்டுகளில் அங்கு போனவர்கள் நீர் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பதைப் பாறையில் வெட்டிவைத்தார்கள். அளவுக்கு அடையாளமாக மீன்களைச் செதுக்கி, நீர் மீனுக்கு எத்தனை அடி கீழே போனது என்று எழுதினார்கள். மீன் தெரிந்தால் அடுத்து நல்ல விளைச்சல் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. இப்படி 1,200 ஆண்டுகளில் 72 வறட்சி ஆண்டுகளின் நீர்மட்டம் பதிவாகியிருக்கிறது. 1685-ல் மறுபடி செதுக்கிய மீனின் கண் நிற்கும் உயரம், அந்த இடத்தின் நவீன நீர்மட்ட அளவுகோலின் பூச்சியத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. யாங்சியில் அணை கட்டத் திட்டமிட்டவர்களுக்கு ஆறு எவ்வளவு தாழக்கூடும் என்று சொன்ன தரவு இதுதான். வேறெந்தக் கருவிப் பதிவும் அவ்வளவு பின்னால் போகாது. 2003-ல் மூன்று பள்ளத்தாக்கு அணையின் நீர் உயர்ந்தபோது திட்டு நிரந்தரமாக மூழ்கியது. 2009-ல் திறந்த நீரடி அருங்காட்சியகத்தில், சுமார் 40 மீட்டர் ஆழத்தில், கண்ணாடிச் சாளரம் வழியே அதைப் பார்க்கலாம். இனி ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்ட முடியாது. அதற்கு முன் எடுத்து வைத்த படிகளை வைத்துத்தான் ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள்.

ஏதாவது அருங்காட்சியகத்தில் சீன மைப்படி ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாதே என்று நகர்ந்துவிடாதீர்கள். வெள்ளை எழுத்தை விட்டுவிட்டு, கறுப்பின் குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடுகளைப் பாருங்கள், அவை விரிசல்கள். ஓரத்தில் உள்ள சிவப்பு முத்திரைகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் அதை வைத்திருந்த ஒருவருடையது. பக்கத்தில் அதே கல்லின் இன்னொரு படி இருந்தால் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, எதில் விரிசல் குறைவு என்று தேடுங்கள். அதுதான் மூத்தது. அந்தத் தீர்ப்பைச் சொல்ல ஒரு சீன எழுத்துகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.